அறிகுறி இல்லாத இதய அடைப்பு: ஸ்டென்ட் வைப்பதா, மருந்து போதுமா?

உம்ரா பயணத்துக்கு முன் உடம்பை ஒரு முறை முழுமையாகப் பார்த்துக்கொள்வோம் என்று நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் மருத்துவமனைக்குப் போனார். வயது 58. சர்க்கரை உண்டு. நெஞ்சு வலி என்று ஒரு நாளும் படுத்தவர் இல்லை. டிரெட்மில் சோதனையில் சந்தேகம் வந்தது, ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். அவர் மேசையில் படுத்திருக்கும்போதே வெளியே நின்ற மகனை அழைத்து, "ஒரு குழாயில் 80 சதவீதம் அடைப்பு இருக்கிறது. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?" என்று கேட்டார்கள்.

மகன் நமக்குப் போன் செய்தார். "ஹஜ்ரத், அத்தாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் 80 சதவீதம் என்கிறார்கள். கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

அந்த நேரத்தில் நம்மால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். "டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் தம்பி. இன்றே வைக்காவிட்டால் ஆபத்தா, யோசித்துச் சொல்ல அவகாசம் உண்டா?" அவர் கேட்டார். "அவகாசம் உண்டு, யோசித்து வாருங்கள்" என்று மருத்துவரே சொன்னார்.

அதன் பிறகு இதே கேள்வி வேறு வீடுகளிலிருந்தும் நம்மிடம் வந்தது. நாம் ஓதியது மதரஸாவில், படித்தது கலைக் கல்லூரியில். மருத்துவம் நம் துறை இல்லை. ஆகவே இதய நோய் மருத்துவர்களிடம் கேட்டும், பெரிய ஆய்வுகளின் முடிவுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறோம். உங்கள் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க இது உதவும். அவருடைய ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரை முழுவதும் நெஞ்சு வலி போன்ற அறிகுறிகள் இல்லாதவர்களைப் பற்றியது. மாரடைப்பு வந்தவருக்கும், வலி வந்துகொண்டிருப்பவருக்கும் இது பொருந்தாது. மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிரைக் காக்கும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். இந்த வேறுபாட்டை மறந்து படித்தால் இந்தக் கட்டுரையே ஆபத்தாகிவிடும்.

அடைப்பு என்பது என்ன?

இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. அந்த இதயத் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை இதயத்தின் மேல் படர்ந்திருக்கும் ரத்தக்குழாய்கள். இடது பக்கம் 'லெஃப்ட் மெயின்' என்ற தாய்க்குழாய் ஒன்று புறப்பட்டு இரண்டாகப் பிரிகிறது. முன்புறம் இறங்குவதை எல்.ஏ.டி. என்றும், பக்கவாட்டில் சுற்றிப் போவதை சர்க்கம்ஃபிளக்ஸ் என்றும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். வலது பக்கத்தில் ஆர்.சி.ஏ. என்று ஒன்று.

இந்தக் குழாய்களின் சுவருக்குள் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிவு சேர்கிறது. சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், புகை, கெட்ட கொழுப்பு, குடும்ப வழி ஆகியவை அதை வேகப்படுத்துகின்றன. படிவு பெரிதாகும்போது குழாயின் உள்வழி குறுகுகிறது. பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் குறுகினால் கவனிக்க வேண்டியது என்பார்கள். லெஃப்ட் மெயின் குழாயில் மட்டும் 50 சதவீதமே கவனிக்க வேண்டியதுதான்.

சதவீதம் மட்டும் முடிவு சொல்லாது

80 சதவீதம் என்று கேட்டவுடன், "இன்னும் 20 சதவீதம் அடைத்தால் ஆள் போய்விடுவாரே" என்று குடும்பம் பதறுகிறது. தண்ணீர்க் குழாயில் பாசி பிடிப்பதுபோல் அடைப்பு மெல்ல வளர்ந்து, 100 ஆனதும் மாரடைப்பு வரும் என்று நாமும் முன்பு நினைத்திருந்தோம். உண்மை வேறு.

பெரும்பாலான மாரடைப்புகள் வருவது படிவு திடீரென்று வெடிப்பதால். படிவின் மேல்தோல் கிழிகிறது. உள்ளே இருப்பது ரத்தத்தில் பட்டவுடன் அங்கே ரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. இப்படி வெடிப்பது 80 சதவீத அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆஞ்சியோகிராமில் 30, 40 சதவீதமாகத் தெரிந்த, யாரும் கண்டுகொள்ளாத சிறு படிவும் வெடிக்கலாம். மெதுவாக வளர்ந்த பெரிய அடைப்பைச் சுற்றிச் சில சமயம் உடம்பே சிறு கிளைக்குழாய்களை வளர்த்து ரத்தத்துக்கு மாற்று வழி செய்துவிடுகிறது.

ஸ்டென்ட் வைப்பது ஓர் இடத்தில். படிவு இருப்பதோ குழாய்கள் நெடுகிலும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், பின்வரும் ஆய்வுகளின் முடிவு வியப்பாக இருக்காது.

அந்த 80 சதவீதம் என்பதே பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் ஒருவர் 70 என்றும் மற்றவர் 80 என்றும் சொல்லலாம். அந்தக் குறுகல் ரத்த ஓட்டத்தை உண்மையில் தடுக்கிறதா என்று அளக்க எஃப்.எஃப்.ஆர். என்ற சோதனை இருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒப்பிடுவார்கள். அளவு 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் தேவைப்படாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதயக் குழாய் அடைப்பைப் பலூன் வைத்து விரிக்கும் முறையை 1977-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலில் செய்தார். 1986-ல் மனித இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அடைப்பைத் திறந்தால் மாரடைப்பும் மரணமும் குறையும் என்பது எல்லோருக்கும் இயல்பாகவே தோன்றியது. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் இரண்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது 'கரேஜ்' ஆய்வு. முடிவு வெளியான ஆண்டு 2007. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலையான இதய நோய் உள்ள 2,287 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டென்ட்டும் முழுமையான மருந்தும். மறு பிரிவுக்கு முழுமையான மருந்து மட்டும். நான்கரை ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால், மரணத்திலும் மாரடைப்பிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

இரண்டாவது 'இஸ்கீமியா' ஆய்வு. 37 நாடுகளில் 5,179 பேர். அந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இவர்கள் எல்லோருக்கும் சோதனைகளில் மிதமான அல்லது கடுமையான ரத்த ஓட்டக் குறைவு தெரிந்திருந்தது. ஆய்வில் சேர்ந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் நெஞ்சு வலியே இல்லை. ஒரு பிரிவுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்து, தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தார்கள். மறு பிரிவுக்கு முதலில் மருந்து. மருந்தால் முடியாவிட்டால் மட்டுமே ஸ்டென்ட் அல்லது பைபாஸ். 2020-ல் முழு முடிவு வெளியானது. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்ததில் முதல் பிரிவில் இறந்தவர்கள் 145 பேர், இரண்டாம் பிரிவில் 144 பேர். 7 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோதும் மொத்த மரணத்தில் வேறுபாடு தெரியவில்லை.

இந்த ஆய்வில் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டிய வேறு செய்திகளும் உண்டு. ஸ்டென்ட், பைபாஸ் பிரிவில் சிகிச்சையை ஒட்டி வந்த மாரடைப்புகள் தொடக்கத்தில் கூடுதல். பிறகு தானாக வந்த மாரடைப்புகள் குறைவு. மருந்துப் பிரிவில் சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ய வேண்டி வந்தது. அடிக்கடி நெஞ்சு வலி இருந்தவர்களுக்கு ஸ்டென்ட்டும் பைபாஸும் தெளிவான நிம்மதியைத் தந்தன. வலி இல்லாதவர்களுக்கு அந்த வகையில் கிடைத்தது ஏதுமில்லை. இல்லாத வலியை எப்படிக் குறைப்பது?

ஆக, நிலையான நோயில் ஸ்டென்ட்டின் முதன்மைப் பயன் வலியைக் குறைப்பது. வலி இல்லாதவர், மாரடைப்பைத் தடுக்கும் என்றோ ஆயுளைக் கூட்டும் என்றோ நம்பி அவசரப்பட ஆதாரம் இல்லை. மருந்தோடு தொடங்கிக் கவனித்து வரலாம்.

யாருக்கு இது பொருந்தாது?

மேலே சொன்னதைப் பிடித்துக்கொண்டு "யாருக்கும் ஸ்டென்ட்டும் வேண்டாம், பைபாஸும் வேண்டாம்" என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. அறிகுறி இல்லாவிட்டாலும் தீவிரமாக யோசிக்க வேண்டிய நிலைகள் உண்டு.

ஒன்று, லெஃப்ட் மெயின் குழாயில் 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு. இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தருவது இந்தக் குழாய். இப்படிப்பட்டவர்களை இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கவே இல்லை. இவர்களுக்குப் பைபாஸ் அல்லது ஸ்டென்ட் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

இரண்டு, இதயத்தின் பம்பிங் குறைந்தவர்கள். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று எழுதியிருப்பார்கள். அது 35 சதவீதத்துக்குக் கீழ் இருந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை. இத்தகையவர்களுக்குப் பைபாஸ் ஆயுளைக் கூட்டுவதாக 10 ஆண்டுகள் கவனித்த வேறோர் ஆய்வு காட்டியது. ஆனால் அதே நிலையில் ஸ்டென்ட் அப்படிப்பட்ட பலனைத் தரவில்லை என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மூன்று, சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்து உள்ளவர்கள். இவர்களுக்குக் குழாயைத் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஸ்டென்ட்டைவிடப் பைபாஸே நல்லது என்று 2012-ல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வு காட்டியது. பைபாஸில் பக்கவாத அபாயம் மட்டும் சற்றுக் கூடுதல். மூன்று குழாய்களிலும் அடைப்பு என்றால் ஸ்டென்ட் வைக்கும் மருத்துவரோடு இதய அறுவை மருத்துவரையும் பார்ப்பது முறை.

நான்கு, சிறுநீரகம், எலும்பு மாற்று போன்ற பெரிய அறுவைக்குத் தயாராகிறவர்கள், விமானம் ஓட்டுவது போன்ற பொறுப்பான தொழிலில் இருப்பவர்கள். இவர்களுக்குத் தனி ஆலோசனை தேவை.

உண்மையிலேயே அறிகுறி இல்லையா?

இதுதான் குடும்பத்தார் உதவ வேண்டிய இடம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அத்தா சொல்வார். ஆனால் முன்பு பள்ளிவாசலுக்கு வேகமாக நடந்தவர் இப்போது இடையில் நிற்கிறாரா? மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாரா? தொழுகைக்குப் பிறகு மூச்சு வாங்குகிறதா? நடந்தால் தாடை, தோள், முதுகு, இடது கை ஆகியவற்றில் இறுக்கம் வந்து, உட்கார்ந்தால் போய்விடுகிறதா? "கேஸ்" என்று சோடா குடித்துச் சமாளிக்கிறாரா?

வலி வராமல் இருக்க நடையையே குறைத்துக்கொண்டவரை அறிகுறி இல்லாதவர் என்று சொல்ல முடியாது. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்புகள் மங்கிப்போய் வலியே தெரியாமலும் போகலாம். பெண்களுக்கு நெஞ்சு வலிக்குப் பதிலாக அசதி, மூச்சு வாங்கல், குமட்டல் என்று வரலாம். வீட்டு வேலைக் களைப்பு என்று அம்மாமார்கள் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். மருத்துவரிடம் போகும்போது கூடவே ஒருவர் போய், தான் கண்டதைச் சொல்ல வேண்டும். இந்தத் தகவல் ஆஞ்சியோகிராம் படத்துக்கு இணையான மதிப்புடையது.

"வெறும் மாத்திரைதானே" என்று எண்ண வேண்டாம்

மருந்துச் சிகிச்சை என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். மேற்சொன்ன ஆய்வுகளில் மருந்துப் பிரிவினர் நன்றாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்ததுதான். நம் வீடுகளில் மூன்று மாதம் சாப்பிட்டு, "கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறோம்.

ஸ்டாட்டின் வகை மாத்திரை கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு படிவின் மேல்தோலை உறுதியாக்கி வெடிக்காமல் காக்கிறது. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயுள்ள 4,444 பேரிடம் நடந்த ஆய்வில் இந்த மாத்திரை மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ் வர வேண்டும். 55-க்குக் கீழ் கொண்டுவரவே இப்போது பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். தசை வலி வந்தால் மாத்திரையைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் சொன்னால், அளவையோ வகையையோ மாற்றித் தருவார்.

அடைப்பு உறுதியானவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழ், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி. 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு; வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப அது மாறும்.

பீடி, சிகரெட் விடப்பட வேண்டும்; இதில் சமரசமே இல்லை. வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேர நடை. ஃபஜ்ருக்குப் பிறகு அதற்கு நல்ல நேரம். வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், ஊறுகாய், கருவாடு குறைய வேண்டும். பிரியாணி விருந்துக்கான உணவாகவே இருக்கட்டும். வாரம் மூன்று நாள் வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்தால் பின்னால் என்ன?

ஸ்டென்ட் வைத்த பிறகும் மேலே சொன்ன மருந்துகள் அத்தனையும் வாழ்நாள் முழுவதும் உண்டு. அதோடு ஆஸ்பிரினுடன் குளோப்பிடோக்ரல் போன்ற இன்னொரு மாத்திரையும் சேரும். நிலையான நோயில் வழக்கமாக ஆறு மாதம். அதை இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தொடர்ந்து எடுக்கும்போது ரத்தக்கசிவு அபாயம் கூடும். வேறு அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியும் வரலாம். சிலருக்கு வைத்த இடமே மறுபடி குறுகும்.

செலவையும் பேசத்தான் வேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு அது அவ்வப்போது மாற்றப்பட்டு வருகிறது. ஆனால் மொத்த பில் என்பது ஸ்டென்ட் விலை மட்டும் இல்லை. நகையை அடகு வைக்கும் முன், இன்ஷூரன்ஸும் அரசுக் காப்பீடும் எதுவரை தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஆஞ்சியோகிராமுக்கு முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள். அறிகுறி இல்லாதவர் என்றால், "படம் மட்டும் எடுங்கள்; ஸ்டென்ட் தேவை என்றால் வெளியே வந்து பேசி முடிவு செய்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் கையெழுத்திடுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

1. அடைப்பு எந்தக் குழாயில்? லெஃப்ட் மெயின் சம்பந்தப்பட்டிருக்கிறதா?
2. எக்கோவில் பம்பிங் எவ்வளவு?
3. இந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று எந்தச் சோதனை காட்டியது? எஃப்.எஃப்.ஆர். பார்க்கலாமா?
4. இவருக்கு ஸ்டென்ட் தருவது என்ன பலன்? வலி குறைவதா, ஆயுள் கூடுவதா?
5. மூன்று மாதம் முழுமையான மருந்து கொடுத்துப் பார்த்தால் என்ன ஆபத்து?
6. பைபாஸ்தான் பொருத்தம் என்றால் அறுவை மருத்துவரின் கருத்து என்ன?

ஆஞ்சியோகிராம் சி.டி.யையும் ரிப்போர்ட்டுகளையும் கேட்டு வாங்கி, வேறோர் இதய நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். இது முதல் மருத்துவரை அவமதிப்பது ஆகாது. முக்கியமான காரியங்களில் மஷூரா செய்வது நம் வழக்கம்தானே.

நோன்பும் மருந்தும்

நம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. மருந்தில் நிலையாக இருப்பவர்களில் பலர் ஸஹரிலும் இஃப்தாரிலும் மாத்திரையைப் பிரித்து எடுத்து நோன்பு வைக்க முடிகிறது. ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் நேரத்தை மாற்றி எழுதி வாங்க வேண்டும். சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர், பம்பிங் குறைந்தவர் ஆகியோரை நோன்பு வைக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் கேட்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. பிறகு கழா செய்யலாம். குணமாகும் வாய்ப்பில்லாதவருக்கு ஃபித்யா உண்டு. நோன்புக்காக மாத்திரையை நிறுத்துவது வணக்கம் ஆகாது.

ஸ்டென்ட் வைக்கும்போது பயன்படும் ஹெபாரின் என்ற மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. மாற்று இருக்கிறதா என்று முன்பே கேட்கலாம். இல்லாத நிலையில் உயிர்காக்கும் தேவைக்கு அனுமதி உண்டு என்பது உலமாக்கள் பலரின் கருத்து. இதைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.

உடனே ஓட வேண்டிய நேரம்

மருந்தோடு இருக்க முடிவு செய்தவர், "ஆபத்து தீர்ந்தது" என்று இருந்துவிடக் கூடாது. நெஞ்சில் இறுக்கம் புதிதாக வந்தாலோ, இருந்தது அடிக்கடி வந்தாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ, வியர்த்து மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்றோ, தொழுதுவிட்டுப் போகலாம் என்றோ காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் மருத்துவர் ஸ்டென்ட் என்றால் உடனே சம்மதம் சொல்லுங்கள். முன்பு கேட்ட கேள்விகளுக்கு அப்போது இடமில்லை.

நாம் முதலில் சொன்ன பெரியவருக்கு லெஃப்ட் மெயினில் அடைப்பு இல்லை. பம்பிங் நன்றாக இருந்தது. இரண்டாவது மருத்துவரும் மருந்தையே பரிந்துரைத்தார். சிகரெட்டை விட்டார், நடக்கிறார், உம்ராவும் செய்து வந்தார். அதே ஆண்டு நம் ஜமாஅத்தில் இன்னொரு சகோதரருக்கும் அறிகுறி இல்லாமலே அடைப்பு தெரிந்தது. அவருக்கு லெஃப்ட் மெயின். தாமதிக்காமல் பைபாஸ் செய்துகொண்டார். இன்று முதல் ஸஃப்பில் நிற்கிறார். இரண்டு பேருடைய முடிவும் சரிதான். இருவர் வீட்டாரும் எந்தக் குழாய், பம்பிங் எவ்வளவு, என்ன பலன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுத்தார்கள்.

ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். புரியாததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.